சார்ட்டில் 968, உலையில் 1,031

6.2 மணி நேரம். பெங்களூரு ஆய்வகம் அனுப்பிய ஸ்ட்ரெஸ் ரப்ச்சர் (சூட்டில் பாரம் தொங்கவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கும் சோதனை) அறிக்கையில், முறிவு நேரம் என்ற கட்டத்தில் இருந்தது அவ்வளவுதான். குறைந்தது 23 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டிய கம்பி, காலையில் மாட்டியது விளக்கு வைப்பதற்குள் போய்விட்டது. அதற்குக் கீழே இன்னொரு வரி: முறிந்த இடம், நாட்ச்.

அந்த லோடின், அதாவது ஒரே தடவையில் உலைக்குள் போன சரக்கின், சூட்டைப் பதியும் ரெக்கார்டர் சார்ட்டில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இந்த ஆய்வை யாரோ வெளியாள் வந்து செய்ததாக எண்ண வேண்டாம். தப்பு நடந்த இடத்தில் நின்றுகொண்டே தப்பைத் தேடிய கதை இது. அதனால் தேடலும் நேர்க்கோட்டில் போகவில்லை.

வந்த வேலை

சேலத்தில் கருப்பூர் பக்கம் ஒரு வெப்பப் பதப்படுத்தும் பட்டறையில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். மேக்னசைட் ஜங்ஷனைத் தாண்டி வரும்போது வெள்ளைக்கல் குவியல்கள் தெரியுமே, அந்தப் பக்கம்தான். உலைக்குச் செங்கல் கொடுக்கும் மண்ணில் உலை வைத்துப் பிழைக்கிறோம் என்று எங்கள் ஓனர் பெருமையாகச் சொல்வார். எங்கள் வேலையில் முக்கால்வாசி ஸ்டீல்: கியர், ஷாஃப்ட், டை. மிச்சம் ஸ்டெயின்லெஸ் பிரைட் அனீலிங், அதாவது தகட்டைக் கறுக்காமல் சூடாக்கி மிருதுவாக்குவது. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலத்தையும் சேர்த்த பிறகு, இந்தப் பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் கடும் சூட்டிலும் பலம் விடாத நிக்கல் சூப்பர் அலாய் வேலைக்கு ஆசைப்பட்டன. நாங்களும்தான்.

வந்தது 120 ஸ்டட், அதாவது தலையில்லாத, மரை போட்ட போல்ட். இன்கோனெல் 718 என்ற நிக்கல் அலாய், 24 மி.மீ. விட்டம், 180 மி.மீ. நீளம். சூடான காற்று ஓடும் ஒரு டர்பைன் உறையை இறுக்கிப் பிடிக்க. ஏஎம்எஸ் 5663 என்ற விமானத் துறைத் தரக்குறிப்பின் முறைப்படி பதம் செய்து கொடுக்க வேண்டும்.

அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் சொல்யூஷன்: 941 முதல் 1,010 டிகிரி செல்சியஸுக்குள் ஒரு வெப்பநிலையைத் தேர்ந்து அதில் பிடித்து வைத்து வேகமாகக் குளிரவைப்பது. நாங்கள் 968 வைத்தோம், ஒரு மணி நேரம், ஆர்கான் வாயுவில், பிறகு தண்ணீர். அடுத்து ஏஜிங்: 718 டிகிரியில் 8 மணி நேரம், அங்கிருந்து மணிக்கு 55 டிகிரி வீதம் உலையோடு 621 வரை இறக்கி, மொத்தம் 18 மணி நேரம் ஆகும்வரை அங்கேயே வைத்து, வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிடுவது. 718 அலாய்க்கு 718 டிகிரி என்பது பார்க்க அழகாக இருக்கும். அமெரிக்கர்கள் 1,325 ஃபாரன்ஹீட் என்று எழுதியதை மாற்றினால் வருவது அது. நினைவில் வைக்க வசதி, வேறொன்றுமில்லை.

ஸ்டீல் பார்த்தே பழகியவர்களுக்கு இந்த அலாய் முதலில் குழப்பும். ஸ்டீலைத் தண்ணீரில் போட்டால் கெட்டியாகும். இது தண்ணீரில் போட்டால் மிருதுவாகும். கெட்டியாவது ஏஜிங்கில். 718இல் எடைக்கணக்கில் 5 விழுக்காடு போல நியோபியம் இருக்கிறது. அது நிக்கலோடு சேர்ந்து காமா டபுள் பிரைம் என்ற பொடிப்பொடித் தட்டுகளாக, கண்ணுக்கு மட்டுமல்ல சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாத அளவில், உலோகத்துக்குள் பிரிந்து நிற்கிறது. கூடவே அலுமினியமும் டைட்டேனியமும் சேர்ந்த காமா பிரைம் கொஞ்சம். 650 டிகிரி வரை இந்த உலோகம் தன் பலத்தை விடாமல் நிற்பது முக்கியமாக அந்தத் தட்டுகளால்தான். 1960களின் தொடக்கத்தில் இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தில் ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன் இதை உருவாக்கியபோது நியோபியத்தை அதிகம் சேர்த்ததில் ஒரு லாபம் கிடைத்தது: தட்டுகள் மெதுவாகத்தான் பிரியும், அதனால் வெல்டிங் செய்தாலும் வெடிப்பு விடாது.

அதே நியோபியமும் நிக்கலும் அதே விகிதத்தில் சேர்ந்து இன்னொரு வடிவமும் எடுக்கும். அதன் பெயர் டெல்டா. இந்தக் கதையின் நாயகன் அதுதான், ஆனால் கொஞ்சம் கழித்து வருகிறான்.

முதல் இரண்டு சந்தேகம்

ஸ்ட்ரெஸ் ரப்ச்சர் சோதனையை ஒரு வரியில் சொல்வதானால்: பென்சிலைவிட மெல்லிய, 4.5 மி.மீ. விட்டமுள்ள கம்பியை 649 டிகிரியில் வைத்து, 689 மெகாபாஸ்கல் இழுவை வரும்படி 1,100 கிலோவுக்கு மேல் எடையைத் தொங்கவிட்டு, எப்போது அறுகிறது என்று காத்திருப்பது. கம்பியில் ஒரு பகுதி வழவழவென்று இருக்கும். இன்னொரு பகுதியில் கூர்மையான ஒரு காடி வெட்டியிருக்கும், அதுதான் நாட்ச். இரண்டு இடத்திலும் குறுக்குவெட்டு ஒரே அளவு. நல்ல பதம் என்றால் கம்பி வழவழப்பான இடத்தில் நீண்டு, மெலிந்து அறும். நாட்ச்சில் படக்கென்று அறுந்தால், மரையின் அடிக்காடியிலும் அப்படித்தான் போகும் என்று அர்த்தம். ஸ்டட்டில் மரை இல்லாமல் என்ன இருக்கிறது?

பட்டறையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன காரணம் மின்வெட்டு. ஏஜிங்கின் ஐந்தாவது மணி நேரத்தில் கரண்ட் போய் 25 நிமிடம் கழித்துத்தான் வந்தது. சார்ட்டில் அந்தப் பள்ளம் நன்றாகத் தெரிந்தது. 690 வரை இறங்கி, பிறகு ஏறியிருந்தது. "அதான் சார், வேற என்ன இருக்கப் போவுது?" என்று ஏஜிங் பார்க்கும் பையன் முடித்தே விட்டான். கண்ணுக்குத் தெரிகிற பள்ளத்தை விட்டுவிட்டு வேறு எங்கே போய்த் தேடுவது?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கடினத்தன்மை ஒத்துவரவில்லை. வாடிக்கையாளரின் வரைபடம் கேட்டது ராக்வெல் அளவுகோலில் குறைந்தது 36 எச்ஆர்சி. எங்களுக்கு வழக்கமாக 42 வரும். இந்த லோடில் 43. ஏஜிங் கெட்டிருந்தால் அந்தத் தட்டுகள் சரியாகப் பிரிந்திருக்காது, கடினமும் குறைந்திருக்கும். இங்கே ஒரு புள்ளி கூடியே இருக்கிறது. அறை வெப்பநிலை இழுவைச் சோதனையும் தேறியிருந்தது.

நல்ல வேளையாக, சொல்யூஷன் முடித்த லோடிலிருந்து இரண்டு துண்டுகளை ஏஜிங்குக்கு அனுப்பாமல் எடுத்து வைக்கும் பழக்கம் எங்களிடம் இருந்தது. அதில் ஒன்றை மின்வெட்டு இல்லாத நாளில், ஜெனரேட்டரைப் பக்கத்திலேயே தயாராக வைத்துக்கொண்டு ஏஜிங் செய்து பெங்களூருக்கு அனுப்பினோம். 7 மணி நேரம், நாட்ச்சில் முறிவு. மின்வெட்டு விடுதலை.

அடுத்தது கம்பி. "மெட்டீரியலே மட்டம்" என்பது எங்கள் தொழிலில் தேசிய கீதம் மாதிரி. உலோகக் கலவையை அளக்கும் ஸ்பெக்ட்ரோவில் நியோபியம் 5.1 வந்தது, மற்றவையும் வரம்புக்குள். அதோடு விடாமல், பதம் செய்யாத மூலக் கம்பியில் ஒரு துண்டை வெளியூரில் ஒரு வாக்குவம் உலையில் கொடுத்து, இதே எண்களில் முழுப் பதமும் செய்து வாங்கினோம். 71 மணி நேரம் நின்றது. முறிவு வழவழப்பான பகுதியில்.

ஆக, கம்பி நல்லது, ஏஜிங் நல்லது. மிஞ்சியது எங்கள் சொல்யூஷன் உலை. அதன் சார்ட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். ஒரு மணி நேரமும் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. 968. அடியில் என் கையெழுத்து.

வெறுமையான எல்லைகள்

ஒரு துண்டை வெட்டி, மெருகேற்றி, காலிங்ஸ் கரைசலில் அரித்துப் பார்த்தேன். 5 கிராம் க்யூப்ரிக் குளோரைடு, 100 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், 100 மி.லி. எத்தனால். அந்த வேலையை முதல் நாளே செய்திருக்க வேண்டும். செய்யாததற்குக் காரணம், கடினத்தன்மை நன்றாக வந்திருந்ததுதான். வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

உலோகம் என்பது ஒன்றோடொன்று ஒட்டிய பொடிப் படிகங்கள், அவைதான் கிரெயின். வாக்குவம் உலையில் பதமான துண்டில் கிரெயின் அளவு ஏஎஸ்டிஎம் அளவுகோலில் 8 (எண் கூடினால் கிரெயின் சின்னது), அதாவது சராசரியாக 22 மைக்ரான். எங்கள் துண்டில் 4, அதாவது 90 மைக்ரான். நான்கு மடங்கு வளர்ந்திருக்கிறது. அதைவிட முக்கியமானது எல்லைகள். நல்ல துண்டில் ஒவ்வொரு கிரெயினின் ஓரத்திலும் எறும்பு வரிசை போலச் சின்னச் சின்ன டெல்டா. எங்கள் துண்டில் எல்லைகள் துடைத்து வைத்த மாதிரி வெறுமையாக, நேராக, நீளமாக ஓடின.

டெல்டாவைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்தவர்களுக்கு அது வில்லன். நியாயம்தான். 650 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் வைத்தால் காமா டபுள் பிரைம் தட்டுகளே மெல்ல டெல்டாவாக மாறும், பலம் போகும். 900 டிகிரியை ஒட்டி நீண்ட நேரம் வைத்தால் ஊசி ஊசியாக வளர்ந்து நியோபியத்தைத் தின்றுவிடும். ஆனால் கிரெயின் எல்லையில் அளவோடு இருக்கும் டெல்டா வேறு. அது இரண்டு வேலை செய்கிறது. சொல்யூஷன் செய்யும்போது கிரெயின்களை வளரவிடாமல் முளை அடித்ததுபோல் பிடித்துக்கொள்கிறது. பிறகு 650 டிகிரியில் பாரம் ஏறும்போது, எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமலும், காற்றிலுள்ள ஆக்சிஜன் எல்லை வழியாக உள்ளே புகுந்து வெடிப்பை இழுத்துக்கொண்டு ஓடாமலும் தடுக்கிறது. எல்லை வெறுமையாகவும் நேராகவும் இருந்தால், நாட்ச்சின் அடியில் ஒரு வெடிப்பு தொடங்கியதும் அதற்கு நான்கு வழிச் சாலைதான்.

ஏறத்தாழ 1,000 முதல் 1,020 டிகிரிக்கு மேல் போனால் டெல்டா முழுவதும் கரைந்துவிடும். 941 முதல் 1,010 என்று அந்த முறை வரம்பு வைத்திருப்பது அந்த எல்லைக்கு இந்தப் பக்கமே நிற்கத்தான். முற்றிலும் கரைத்துச் செய்கிற இன்னொரு முறையும் உண்டு, 1,040 டிகிரியைத் தாண்டி. அதற்கு ஏஜிங் எண்களும் வேறு, பயன்படும் இடமும் வேறு. ஒன்றின் சொல்யூஷனையும் மற்றதன் ஏஜிங்கையும் சேர்த்தால் கிடைப்பது எங்கள் ஸ்டட்.

கடினத்தன்மை ஏன் ஏறியது என்பதும் இப்போது புரிந்தது. டெல்டா கரைந்ததும் அதில் மாட்டியிருந்த நியோபியம் விடுதலையாகி, ஏஜிங்கில் அதுவும் காமா டபுள் பிரைமாக வந்து சேர்ந்திருக்கிறது. எல்லை பலவீனமாகிக்கொண்டிருந்தபோதே கிரெயினின் உள்பக்கம் கூடுதல் பலமானது. ராக்வெல் ஊசி குத்துவது உள்பக்கத்தைத்தான். அதற்கு எல்லையைப் பற்றி என்ன கவலை? 43 என்று பார்த்து நாங்கள் மகிழ்ந்தோம். வாடிக்கையாளரின் ஆய்வாளரும் மகிழ்ந்தார்.

ஆய்வகம் பாஸ் போட்ட தெர்மோகப்பிள்

அப்படியானால் உலை 1,020ஐத் தாண்டியிருக்கிறது. ஆனால் கன்ட்ரோலர் 968 காட்டியது, ரெக்கார்டரும் 968, அதிக வெப்பத்துக்கு மணி அடிக்க வேண்டிய பாதுகாப்புக் கருவியும் வாயைத் திறக்கவில்லை. மூன்று சாட்சிகள் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள். கன்ட்ரோலரில் காலிபரேஷன் ஸ்டிக்கர் புத்தம் புதிதாக ஒட்டியிருந்தது.

அந்த ஸ்டிக்கர் கதை தனி. காலிபரேஷன் செய்ய வருபவர், உலையின் சூட்டை மின்னழுத்தமாக்கிக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் தெர்மோகப்பிள் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தன் பெட்டியிலிருந்து மில்லிவோல்ட் கொடுத்து, கன்ட்ரோலர் சரியாகப் படிக்கிறதா என்று பார்ப்பார். அது நல்ல சோதனைதான். ஆனால் சோதிக்கப்பட்டது மூக்குக்கண்ணாடி, கண் இல்லை.

சரி, கண்ணைச் சோதிப்போம் என்று கே வகைத் தெர்மோகப்பிளை உருவி ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். 968இல் பிழை 9 டிகிரி என்று அறிக்கை வந்தது. 968ஓடு 9ஐக் கூட்டினாலும் 977தான். டெல்டா கரைய வழியில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குத் தலை வேலை செய்யவில்லை. நுண்ணோக்கிப் படம் ஒன்று சொல்கிறது, அறிக்கை இன்னொன்று சொல்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மனம் ஆறட்டும் என்று ஏற்காட்டுக்கு வண்டியை விட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது உடம்பில் குளிர் படிப்படியாக ஏறுகிறதே, அதுபோலத்தான் தெர்மோகப்பிளும் என்று அப்போது பொறி தட்டியது என எழுதினால் நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் எதுவும் நடக்கவில்லை. பக்கோடா சாப்பிட்டுவிட்டு இறங்கினேன். திங்கட்கிழமை, என்னோடு கல்லூரியில் உலோகவியல் படித்த நண்பன் போனில் ஒரே கேள்வி கேட்டான்: "லேப்ல எவ்வளவு ஆழம் விட்டாங்க?"

அரை மீட்டர். எங்கள் உலையிலோ சுவரைத் தாண்டி உள்ளே நீண்டிருந்தது 15 சென்டிமீட்டர்.

இதை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் இத்தனை வருடம் தொழிலில் இருந்தும் நானே தப்பாகத்தான் நினைத்திருந்தேன். தெர்மோகப்பிளின் முனையில், அந்தக் குண்டு முடிச்சில்தான் மின்னழுத்தம் பிறக்கிறது என்று பலர் நம்புகிறோம். பிறப்பது முனையில் இல்லை. கம்பி நெடுக எங்கெங்கே வெப்பநிலை மாறுகிறதோ, அந்தப் பகுதியில் பிறக்கிறது. எங்கள் உலையில் சூடு மாறும் பகுதி, சுவரின் உள்பக்கத்தை ஒட்டியது. கம்பி கெட்டிருந்ததும் அங்கேதான். ஆய்வகத்தில் அரை மீட்டர் ஆழம் நுழைத்ததும் கெட்ட பகுதி முழுவதும் ஒரே சூடான இடத்துக்குள் போய்விட்டது. சூடு மாறும் இடத்தில் நின்றது வெளிப்பக்கத்து நல்ல கம்பி. ஆய்வகம் அந்த நல்ல கம்பியைச் சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறது. அவர்கள்மேல் தப்பில்லை, இருக்கும் இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டியதைக் கழற்றி அனுப்பியது நாங்கள்.

பழைய தெர்மோகப்பிளைப் பழைய ஆழத்திலேயே மாட்டினோம். பக்கத்தில், ஒரு விரல் இடைவெளியில், வாடகைக்கு எடுத்த பிளாட்டினம்–ரோடியம் எஸ் வகைத் தெர்மோகப்பிள். செட் பாயிண்ட் 968. அரை மணி நேரம் நிலைக்கவிட்டுப் படித்தோம்.

கன்ட்ரோலர்: 968. எஸ் வகை: 1,031.

63 டிகிரி. இந்த வகை வேலைக்கான உலைகளில் 14 டிகிரி கூடக்குறைய என்பதே தாராளமான வரம்பு. ஃபர்னஸ் பார்க்கும் பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பட்டறையில் எல்லோரைவிடவும் மூத்தவர். இளம் வயதில் செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் இருந்தவர். மெதுவாகச் சொன்னார்: "நான் அன்னிக்கே சொன்னனே சார். கதவத் தொறந்தா முகத்துல அறையுது, நெறம் வெளுத்துக் கெடக்குதுன்னு. சார்ட்டப் பாருங்கண்ணே, சரியாத்தான் இருக்குன்னுட்டீங்க."

சொன்னார். உண்மை. கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைக்கும்போது வெள்ளியின் நிறத்தைப் பார்த்தே தீயை விலக்கிப் பழகிய கண் அது. 60 டிகிரி வித்தியாசம் அதற்குத் தெரியாமல் இருக்குமா?

தெர்மோகப்பிளின் பாதுகாப்புக் குழாயை அறுத்துப் பார்த்தோம். உள்ளே கம்பியின் ஒரு கால்மேல் பச்சைப் பொடி. கே வகையில் ஒரு கால் குரோமெல், 90 நிக்கல், 10 குரோமியம், மற்றது அலுமெல். நல்ல குரோமெலில் காந்தம் ஒட்டாது, அலுமெலில் ஒட்டும். எது எந்தக் கால் என்று கண்டுபிடிக்க நாங்கள் செய்யும் சோதனையே அது. ஸ்க்ரூடிரைவர் நுனிக் காந்தத்தைக் கொண்டு போனால் இரண்டு காலிலும் ஒட்டியது. குரோமியம் வெளியேறி, மிச்சமிருந்தது ஏறக்குறைய வெறும் நிக்கல்.

இதற்குப் பச்சை அழுகல் என்று பெயர். ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் கம்பியின் மேல் ஒரு காப்புத் தோல் உருவாகும், பிரச்சினை இல்லை. சுத்தமாக இல்லாவிட்டாலும் பிரச்சினை இல்லை. கொஞ்சமே கொஞ்சம் இருந்தால்தான் வினை: நிக்கலைத் தொட முடியாத அந்தச் சொற்ப ஆக்சிஜன் குரோமியத்தை மட்டும் பொறுக்கி எடுத்துப் பச்சை ஆக்சைடாக்கும். 815 முதல் 1,040 டிகிரி வரை இது வேகமாக நடக்கும். கம்பியின் மின்னழுத்தம் குறையும், கன்ட்ரோலர் "இன்னும் சூடு போதவில்லை" என்று கரண்டைக் கூட்டிக்கொண்டே போகும். திரையில் எண் மட்டும் அசையாமல் நிற்கும்.

எங்கள் குழாய்க்குள் ஆக்சிஜன் குறைந்தது எப்படி? அதே உலையில்தான் மற்ற நாட்களில் ஸ்டெயின்லெஸ் பிரைட் அனீலிங் ஓடும். அம்மோனியாவை உடைத்து எடுக்கும் வாயு, முக்கால் பங்கு ஹைட்ரஜன். சூடான உலோகக் குழாய் ஹைட்ரஜனுக்கு ஒரு சல்லடை மாதிரி. அது உள்ளே ஊடுருவி, அடைபட்டிருந்த காற்றின் ஆக்சிஜனைத் தின்று, துளி மிச்சம் வைத்திருக்கிறது. மூன்று சாட்சிகளும் ஒரே மாதிரிச் சொன்னதற்குக் காரணம் இன்னும் எளிது. கன்ட்ரோலர், ரெக்கார்டர், பாதுகாப்புக் கருவி மூன்றுக்கும் போன கம்பிகள் ஒரே குழாய்க்குள் இருந்தன. ஒரே அறையில் பூட்டிவைத்த மூன்று பேரிடம் வெளியே மழையா என்று கேட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஒரு மாதம் முன்னால், டம்ளர் அடிக்கும் ஒருவர் போன் செய்திருந்தார். "ஏனுங்க, உங்ககிட்ட அனீல் பண்ணுன தகடு இழுத்தா ஆரஞ்சுத் தோலாட்டம் வருதுங்க. பாலிஷ்காரன் தெனமும் சண்டைக்கு வர்றான்." தகட்டின் கிரெயின் பெரிதானால் இழுக்கும்போது மேற்பரப்பு அப்படித்தான் சொரசொரக்கும். அனீலிங் உலையும் அதே உலை, அதே தெர்மோகப்பிள். நான் தகட்டைக் குறை சொல்லிச் சமாளித்துப் போனை வைத்தேன். ஸ்டெயின்லெஸ் 60 டிகிரி அதிகத்தைப் பொறுத்துக்கொள்ளும், பாலிஷ் செலவோடு முடியும். 718 பொறுக்காது.

மீட்க முடிந்ததும் முடியாததும்

120 ஸ்டட்டை என்ன செய்வது? ஓனரின் முதல் கேள்வி, "திருப்பி ஒரு தடவை போட்டு எடுத்தா சரியாகாதா?" ஸ்டீலாக இருந்தால் ஆகும். ஸ்டீலைச் சூடாக்கும்போது அதன் படிக அமைப்பே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. மாறும்போது பழைய கிரெயின் அழிந்து புதியது பிறக்கும். நார்மலைஸ் செய்து பெரிய கிரெயினைச் சின்னதாக்குவது அப்படித்தான். நிக்கல் அலாயில் அந்த மாற்றமே கிடையாது. உருகும்வரை ஒரே அமைப்பு. வளர்ந்த கிரெயினைத் திரும்பச் சின்னதாக்க வேண்டுமானால் அடித்து உருமாற்றிச் சூடாக்க வேண்டும். இயந்திரத்தில் முடித்த ஸ்டட்டை யார் அடிப்பது?

டெல்டாவைத் திரும்பக் கொண்டுவர முடியும். நான்கு ஸ்டட்டை எடுத்து, புதிய தெர்மோகப்பிளில், உண்மையான 960இல் இரண்டு மணி நேரம் வைத்து, மறுபடி முழு ஏஜிங் கொடுத்தோம். நுண்ணோக்கியில் எல்லைகளில் எறும்பு வரிசை திரும்பியிருந்தது. முன்போல் நெருக்கமாக இல்லை, ஆனால் இருந்தது. ஸ்ட்ரெஸ் ரப்ச்சருக்கு மூன்று அனுப்பினோம். மூன்றும் 23ஐத் தாண்டின, மூன்றும் வழவழப்பான பகுதியில் முறிந்தன. கிரெயின் அளவு மட்டும் அதே 4.

வரைபடம் கேட்டது 5 அல்லது அதைவிட நுண்ணியது. வாடிக்கையாளரின் வடிவமைப்பு அலுவலகம் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய கிரெயின் களைப்பு முறிவுக்கு இடம் கொடுக்கும், அது டர்பைன், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். கம்பியின் விலை எங்கள் தலையில் விழுந்தது. நிக்கல் விலை தெரிந்தவர்களுக்கு அந்தத் தொகையைச் சொல்ல வேண்டியதில்லை.

உலையில் மாற்றியவை: கே (K) வகைக்குப் பதில் ‘என்’ (N) வகைத் தெர்மோகப்பிள், நிக்ரோசில்–நிசில். இந்தப் பச்சை அழுகலுக்கு அது எளிதில் மசியாது. கன்ட்ரோலருக்கு ஒரு குழாய், பாதுகாப்புக் கருவிக்கு வேறு மூலையில் இன்னொரு குழாய். ரெக்கார்டருக்குச் சுவரிலிருந்து இல்லை, லோடின் நடுவில் பொருளோடு கட்டிவைக்கும் கம்பியிலிருந்து. மாதம் ஒருமுறை எஸ் வகையைப் பக்கத்தில் வைத்து, கழற்றாமல், இருந்த இடத்திலேயே ஒப்பிடுவது. சொல்யூஷன் முடிந்ததும் ஒரு துண்டை அரித்துப் பார்த்த பிறகுதான் ஏஜிங். இதில் கடைசியாகச் சொன்னதுதான் மலிவானது: ஒரு மணி நேரமும் கொஞ்சம் அமிலமும். சூப்பர் அலாய் நாட்களில் கதவைத் திறக்கும்போது நிறம் எப்படி என்று பெரியவரிடம் கேட்டு எழுத ஒரு கட்டமும் சார்ட்டில் சேர்த்தேன். தணிக்கைக்கு வந்தவர் அதைப் பார்த்துச் சிரித்தார். எடுக்கவில்லை.

முந்தைய லோடுகள்

கடினமான பகுதி இதற்குப் பிறகுதான் வந்தது. கம்பி ஒரே நாளில் அழுகியிருக்காது. அப்படியானால் இதற்கு முன்னால் அதே உலையில் போன 718 லோடுகள்? கடைசியாக உலை முழுவதையும் அளந்து சரிபார்த்த பிறகு மூன்று லோடு போயிருந்தது. மூன்றிலும் எடுத்துவைத்த துண்டுகள் அலமாரியில் இருந்தன.

கிரெயின் அளவை வைத்து, எப்போது ஏறத் தொடங்கியது என்று படித்துவிடலாம் என நினைத்தேன். முடியவில்லை. முதல் லோடு 8, இரண்டாவதும் 8. டெல்டா பிடித்துக்கொண்டிருக்கும்வரை கிரெயின் அசையாது. 970 ஆனாலும் 1,000 ஆனாலும் ஒன்றுபோல் இருக்கும், பிடி விட்டதும் ஒரேயடியாகத் தாவும். டெல்டாவின் அளவுதான் பேசியது. முதல் லோடில் வரிசை நெருக்கம். இரண்டாவதில் இடைவெளி விழுந்திருந்தது. மூன்றாவதில் பாதி எல்லைகள் காலி. கிரெயின்களும் கலப்படமாக, சின்னவற்றுக்கு நடுவில் சில பெரியவை முளைத்திருந்தன.

மூன்றாவது லோடு வேறொரு வாடிக்கையாளருக்குப் போன 60 போல்ட். எல்லாச் சான்றிதழும் பாஸ். ஸ்ட்ரெஸ் ரப்ச்சர் அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் செய்யவில்லை.

"நாமளே போய்ச் சொல்லணுமா?" என்று ஓனர் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அந்த மாதம் ஏற்கெனவே விழுந்த அடி அப்படி. நான் நுண்ணோக்கிப் படங்களை அவர் மேஜையில் பரப்பி வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து அவரே பேசினார்.

அந்தப் பக்கத்து இன்ஜினியர் திட்டவில்லை. லோடு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 22 போல்ட் ஸ்டோரிலேயே இருந்தன, திரும்பி வந்தன. 38 ஏற்கெனவே ஒரு சோதனை மேடையில் மாட்டியாகிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் கழற்றி அதிலும் இரண்டை அனுப்பினார்கள். ஒன்றைச் சோதனைக் கம்பியாகக் கடைந்து பெங்களூருக்கு அனுப்பினோம். பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது: 26 மணி நேரம், முறிவு வழவழப்பான பகுதியில்.